மேடம் வீட்டு மெஷின்

எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, 'நீ நடுநிலையாகத்தான் போனாயா?' என்று கேட்கக் கூடாது பாருங்கள்.

நானும் அவரும் ஒரே வேலை பார்க்கிறவர்கள், வேறு வேறு ஊரில். வெள்ளம், புயல், கொள்ளைநோய் என்று எது வந்தாலும் யார் எங்கே ஓடவேண்டும், எந்த வண்டி யாரைத் தூக்க வேண்டும், மருந்து எங்கிருந்து வரவேண்டும் என்பதையெல்லாம் ஊர் நிம்மதியாகத் தூங்குகிற காலத்திலேயே யோசித்து வைக்கிற வேலை. ஒன்றும் வராதவரை எங்களைக் கண்டால் எல்லாருக்கும் சிரிப்பு. வந்துவிட்டால் எல்லாருக்கும் கோபம். இதில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊருக்குப் போய், அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக் குறை நிறை எழுதித் தர வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது. விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "ஊரார் வீட்டுல ஒட்டடை அடிக்கப் போறீங்களாக்கும்? நம்ம வீட்டு ஃபேனைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்க" என்றாள்.

போன வருஷம் அந்த அம்மாள் எங்கள் ஊருக்கு வந்தார். நர்ஸாக இருந்து மேலே வந்தவர். எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். சிரிக்கவே மாட்டார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போய் ஒரு வரி எழுதினார்: 'ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் இருக்கிறது, அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.' கூட்டத்தில் இதை வாசித்தார்கள். அன்றிலிருந்து என் அலுவலகத்தில் எனக்குச் சாவி சார் என்று பெயர். என் மைத்துனன்கூடப் போனில், "என்ன மாமா, சாவி கெடைச்சுதா?" என்றுதான் ஆரம்பிக்கிறான்.

அதனால் அவர் ஊரைப் பார்க்க ஆள் கேட்டபோது நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். என்னோடு வரவேண்டிய மருந்தாளுநர் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். என் பழைய காரை நானே ஓட்டிக்கொண்டு தனியாகப் போனேன். வழியெல்லாம் மழை.

முதல் நாள் முழுக்கத் தேடினேன். ஒரு குறை கிடைக்கவில்லை. மருந்து வைக்கும் கிட்டங்கியில் ஒவ்வொரு பெட்டிக்கும் தேதி ஒட்டியிருந்தது. ஜெனரேட்டர் அறைச் சாவி ஜெனரேட்டர் அறை வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. அதைக் காட்டும்போது அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. வீட்டில் ஆக்சிஜன் மெஷினை நம்பி இருக்கிறவர்கள் ஊரில் எத்தனை பேர், கரண்ட் போனால் யாரை முதலில் பள்ளிக்கூட ஹாலுக்குக் கொண்டு வருவது, யாருக்கு எந்த பிளக் பாயிண்ட் என்பதுவரை எழுதி வைத்திருந்தார். நானும் இந்த வேலையில்தான் முடி நரைத்தேன். பிளக் பாயிண்டுக்குப் பெயர் எழுதி ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"எல்லா வீட்டுக்கும் நீங்களே போய்ப் பாத்தீங்களா?" என்றேன், எரிச்சலை மறைத்துக்கொண்டு.

"போகாம எப்படி சார் எழுதறது?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளும் மழை விடவில்லை. மேலே அணையைத் திறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, ஆனால் இன்னும் பயமில்லை என்று கட்டுப்பாட்டு அறையில் சொன்னார்கள். மதியம் கான்டீன் மூடிவிட்டது. நான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது அலுவலக இன்வர்ட்டரைப் பார்க்க வந்த ஒரு லைன்மேன், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்முன் வந்து நின்றார்.

"சார், நான் மேடத்தோட வீட்டுக்காரர். இந்த மழையில பிஸ்கட்டைத் தின்னுட்டா உக்காந்திருப்பீங்க? வாங்க வீட்டுக்கு. இங்கதான், ரெண்டு தெரு தள்ளி."

"இல்லைங்க, பாக்க வந்தவங்க அங்க சாப்பிடக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு..."

"சோத்தப் போட்டு உங்களை மயக்கிடுவோமா? வெறும் சோறும் முட்டைக் குழம்பும்தான் சார். அதுல மயங்குற ஆளா இருந்தா நீங்க என்னத்தைக் குறை கண்டுபிடிக்கப் போறீங்க?"

சிரிப்பு வந்துவிட்டது. மேடத்தைப் பார்த்தேன். அவர் முகம் சட்டென்று இறுகியது. "சாருக்கு வேலை இருக்கும், விடுங்க" என்றார் கணவரிடம். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். கூப்பிட வேண்டாம் என்கிறாரே, அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குள் ஒரு பூனை எழுந்து உட்கார்ந்துகொண்டது. மழை என்பதால் காரிலேயே அவர்கள் பின்னால் போனேன்.

சின்ன வீடு. முன்னறை தெருவைப் பார்த்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் கேட்டது. நிற்காமல் ஒரு முனகல், நடுநடுவே ஒரு பெருமூச்சு. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் மூக்கில் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்து, துணிப்பை ஒன்றுக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா" என்றார் லைன்மேன். "தையக்கடை வச்சிருந்தார். இப்ப நுரையீரல் போச்சு. வாய் மட்டும் நல்லா இருக்கு."

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்டை யாரு தைச்சது?"

"எங்க ஊர்ல ஒருத்தர்."

"அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

"ஏன் ஐயா?"

"காலரு ஒரு பக்கம் உங்களைப் பாக்குது, ஒரு பக்கம் தெருவைப் பாக்குது. கோவத்துல தைச்சிருக்கான்."

எனக்குச் சிரிப்பு. லைன்மேனும் சிரித்தார். மேடம் மட்டும் சமையலறைக்குள் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு எடுத்தார் என்று நினைக்கிறேன். குழம்பு நன்றாக இருந்தது, ஆனால் எனக்கு அதில் மனம் செல்லவில்லை. நேற்று ஆக்சிஜன் மெஷின்காரர்களின் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படித்திருந்தேன். தெருப் பெயர், வீட்டு அடையாளம், மாடியா தரையா என்பதுவரை நினைவிருந்தது. இந்தத் தெருவே அதில் இல்லை.

கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு கவளம் யோசித்தேன். கேட்கத்தானே வந்தேன்.

"மேடம், ஐயாவை எந்த வண்டியில போட்டிருக்கீங்க?"

அவர் பரிமாறிய கரண்டி அப்படியே நின்றது. லைன்மேன் சாதாரணமாகத்தான் சொன்னார். "முதல் வண்டிதானே? இந்தத் தெருவைத் தாண்டித்தானே போகும்?" சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். பார்த்தவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன? போடலையா?"

"சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்."

"அப்புறம் என்ன அப்புறம்? எங்க அப்பன் பேரு லிஸ்டுல இருக்கா இல்லையா?"

"இல்ல."

"ஏன்?"

"நான்தானே அதை எழுதறேன்? என் மாமனாரை நானே எழுதினா, தன் வீட்டு ஆளுக்கு முதல் வண்டி வச்சுக்கிட்டாள்னு நாலு பேர் பேசமாட்டாங்களா? எத்தனை வீட்டுல போய், உங்களுக்கு ரெண்டாவது வண்டிதான், பொறுத்துக்கோங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அவங்க முகத்தை நான் எப்படிப் பாக்குறது?"

"அதுக்கு?"

"நம்ம வீடுதானே, நாம பாத்துக்கலாம்னு இருந்தேன். நீங்க இருப்பீங்க..."

"நானா?" லைன்மேன் எழுந்துவிட்டார். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. "காத்து அடிச்சா முதல்ல வெளிய ஓடுறவன் நான். மழை பேஞ்சா முதல்ல ஓடுறவ நீ. நான், நீ இருப்பேன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன், நீ, நான் இருப்பேன்னு நெனச்சுக்கிட்டிருக்க. அப்ப இவர்கூட இருக்கறது யாரு, மெஷினா?"

"கத்தாதீங்க. வெளியாள் இருக்கார்."

"இருக்கட்டும்! கேக்கட்டும்! ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம். அந்தக் கதையால்ல இருக்கு!"

அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனது. நான் தட்டைப் பார்த்தபடி இருந்தேன். இதற்காகத்தானே வந்தாய், கிடைத்துவிட்டதே, சந்தோஷம்தானே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சந்தோஷமாக இல்லை. பெரியவர் மட்டும் ஊசியைப் பையில் குத்தி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்டா, நான் இல்லைன்னு. பக்கத்துத் தெருக்காரனுக்கு வண்டிச் சீட்டு கொடுத்துட்டுப் போனாங்க, எனக்குக் கொடுக்கல. நான்தான் கேக்கல. அவளை ஏன் திட்டற?"

அவர் முடிப்பதற்குள் மின்விசிறி நின்றது. மெஷினின் முனகல் அறுந்து, அதற்குப் பதில் கீச்கீச்சென்று ஒரு அலறல் தொடங்கியது. அந்த அலறல் கரண்ட் இல்லை என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாது. ஆனாலும் உடம்பெல்லாம் பதறிவிடும்.

மேடம் ஒரே எட்டில் கட்டிலருகே போய்விட்டார். கட்டிலடியிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி இழுத்தார். குழாயை மாற்றினார், திருகினார். அளவுமானியைப் பார்த்தவர் அப்படியே குனிந்து நின்றார்.

"மாமா, இது ஃபுல்லா இருந்துச்சே."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா!"

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் அந்த மெஷினு சத்தம் தாங்கலம்மா. நாள் பூரா காதுகிட்ட முனகிக்கிட்டே இருக்கு. அப்பப்ப அதை நிறுத்திட்டு, இதை மாட்டிக்கிட்டுக் கொல்லையில போய் உக்காருவேன். குருவி சத்தம் கேக்கும். கொஞ்ச நேரந்தான்."

முள் சிவப்பை ஒட்டி நின்றது. அவரைத் திட்டவும் முடியாமல், திட்டாமல் இருக்கவும் முடியாமல் மேடம் காற்றின் அளவைக் குறைத்து வைத்தார்.

"பேசாதீங்க. மூக்கால மெதுவா இழுங்க."

அப்போது இரண்டு போன்களும் அடித்தன. லைன்மேனுடையது முதலில். கடைத்தெருவில் கம்பம் சாய்ந்து வயர் தண்ணீருக்குள் கிடக்கிறது, அந்தப் பகுதி லைனை அணைக்க வேண்டும், பக்கத்தில் வேறு ஆள் இல்லை, ஜனங்கள் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கிறார்கள். மேடத்துடையது கட்டுப்பாட்டு அறையிலிருந்து. ஒரு பெண் குரல் எனக்கே கேட்கிற அளவுக்குக் கத்தியது. "அக்கா, அணையத் திறந்துட்டாங்க! கரையோரத் தெருவுல தண்ணி ஏறிடுச்சு! மெஷின்காரங்களை எடுக்க வண்டி போயிடுச்சு! நீங்க எப்ப வருவீங்க?"

"வண்டி இப்ப எங்க?"

"ரிட்டையர்டு டீச்சர் வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு."

"திருப்பச் சொல்லு" என்றார் லைன்மேன். "இங்க வந்துட்டு அங்க போகட்டும். தெரு முனையிலதானே இருக்கும்!"

மேடம் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "அந்த டீச்சர் ஒண்டிங்க. சிலிண்டரே கிடையாது. தண்ணி வேற ஏறுது."

"இங்க மட்டும் நிறைய இருக்கா?"

"கொஞ்சம் இருக்குல்ல."

"உன் மாமனாருடி!"

"தெரியும்" என்றார். போனை மறுபடி காதில் வைத்தார். "வண்டி டீச்சர் வீட்டுக்கே போகட்டும். அடுத்த வண்டி எது?" கேட்டுக்கொண்டே இருந்தார். கண் மூடியது. "சரி. வந்துடறேன்" என்று வைத்தார். அடுத்த வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. பார்க்க வந்தவன் பார்க்கலாம், கேட்கலாம், கை வைக்கக் கூடாது. வெளியாள் கை கொடுத்தால் அந்த ஊர் தன் காலில் நிற்கிறதா என்பது தெரியாமல் போய்விடும் என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். நானே இதைப் புதியவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

"என் கார் வாசல்லதான் நிக்குது" என்றேன்.

மேடம் திரும்பிப் பார்த்தார். ஆசையும் மானமும் அந்த முகத்தில் அடித்துக்கொண்டன. "சார், நீங்க கை வைக்கக் கூடாது."

"அது எனக்கும் தெரியும்மா!" எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "ரூல்ஸை அப்புறம் பேசலாம். மெஷினைத் தூக்குங்க!"

லைன்மேன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்தார். சிலிண்டரை அவர் தொடைக்கும் கதவுக்கும் நடுவே செருகினோம். மெஷின் டிக்கிக்குள் போகவில்லை, முன்சீட்டில் என் பக்கத்தில் வைத்து பெல்ட் போட்டேன். லைன்மேன் அப்பாவின் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டார். துடைத்த கையாலேயே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு பைக்கை உதைத்தார். மேடம் எதிர்த்திசையில், ஆற்றுப் பக்கமாக, முழங்கால் தண்ணீரில் நடந்தே போனார். தெரு முனைவரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. நேர் வழியில் தண்ணீர். சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. வழி தெரியாத ஊர், கண்ணாடியில் மழை, வைப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் வேலை செய்தது.

"இடதுல திரும்புங்க" என்றார் பெரியவர்.

"பேசாதீங்க ஐயா."

"பேசாட்டி நீங்க ஆத்துக்குள்ள போயிடுவீங்க."

திரும்பினேன். ஒரு இடத்தில் தண்ணீர் கதவின் அடிவரை வந்தது. எஞ்சின் இருமியது. வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கக்கூட தைரியம் வரவில்லை. முதல் கியரிலேயே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் ஒருவர் மூச்சுக்கு அல்லாடும்போது நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே அசட்டுத்தனமாகத் தோன்றியது.

"மருமகளைப் பத்தி... தப்பா எழுதிடாதீங்க" என்றார் பெரியவர். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. "என் பொண்டாட்டி போனப்புறம்... ஒரு வேளை சோறு... தப்பினதில்ல."

"எழுதல ஐயா. நீங்க பேசாதீங்க."

அப்புறம் அவர் பேசவில்லை. பேசாதே என்று சொன்னவன் நான்தான். ஆனால் அந்த அமைதி பேச்சைவிட மோசமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். உதடு நிறம் மாறியிருந்தது. தலை ஜன்னல்மேல் சாய்ந்திருந்தது. "ஐயா! இங்க நேராவா, வலதா?" என்று கத்தினேன். ஒரு விரல் மட்டும் மெல்ல எழுந்து வலது பக்கம் காட்டியது.

பள்ளிக்கூட வாசலில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேர் ஓடிவந்து அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். நான் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஹாலில் கட்டில்கள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பிளக் பாயிண்ட், அதன்மேல் ஒட்டிய பெயர், எல்லாம் அந்த அம்மாள் என்னிடம் நேற்றுக் காட்டியபடியே. வாசலில் மேஜை போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"பேரு?"

சொன்னேன். அவர் விரல் தாளில் மேலிருந்து கீழே போய், மறுபடி மேலே வந்தது. "இல்லையே சார்."

"இல்லதான். பிளக் எங்க?"

"எல்லாம் ஆள் பேருல இருக்கு சார். காலியா இருக்கறது டீச்சரோடது. வண்டி வந்துக்கிட்டே இருக்கு. அதைக் கொடுத்துட்டு அப்புறம் அந்தம்மாவுக்கு நான் எங்க போறது? மேடம் என்னைத் தொலைச்சுடுவாங்க."

"இது மேடத்தோட மாமனார்யா!"

வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அப்படியும் டீச்சரின் பிளக்கை மறைத்துக்கொண்டுதான் நின்றார். அந்த நேரத்தில் அவரை அடித்துவிடலாமா என்றிருந்தது. இப்போது யோசித்தால், அப்படி ஒரு ஆளை என் ஊரில் நான் தயார் செய்யவில்லையே என்றிருக்கிறது.

சிலிண்டரின் முள் அடியில் படுத்துவிட்டது. பெரியவரின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரை ஏறி இறங்கின. நான் சுவரெல்லாம் கண்ணால் தேடினேன். மூலையில் ஆவி பறக்க ஒரு டீ பாய்லர்.

"அது எதுல ஓடுது?"

"டீயா? அதுவும் ஜெனரேட்டர்தான் சார். ஆனா எல்லாரும் டீ கேப்பாங்களே..."

பாய்லரின் ஒயரை உருவினேன், மெஷினைச் செருகினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்த முனகல் வந்தது. உலகத்திலேயே இவ்வளவு நல்ல சத்தம் உண்டா என்று இருந்தது. பெரியவர் நேரம் எடுத்துக்கொண்டார். கண் திறந்தது. உதட்டின் நிறம் திரும்பியது. நான் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் டீச்சரையும் கொண்டு வந்தார்கள். நனைந்த கோழிபோல் இருந்தார், ஆனால் மூச்சு இருந்தது. அவருடைய பிளக் அவருக்காகக் காத்திருந்தது.

வாட்ச்மேன் தயங்கியபடி வந்தார். "சார், பெரியவர் பேரைக் கீழே எழுதிக்கிட்டேன். ஒரு இடம் மட்டும் பாக்கி. வீட்டுல கூட இருக்கறது யாருன்னு எழுதணும். அதைப் பாத்துத்தான் வண்டியைப் பிரிப்பாங்க. ஆளில்லாதவங்களுக்கு முதல் வண்டி."

"மகன், மருமக."

"ரெண்டு பேரும் இப்ப எங்க சார்?"

நான் வாசலைப் பார்த்தேன். அவர் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

பொழுது சாயும்போது மழை குறைந்தது. கடைத்தெரு லைனை அணைத்தாயிற்று, யாருக்கும் ஒன்றுமில்லை என்று செய்தி வந்தது. பெரியவரிடம் சொன்னேன். "அவன் கெட்டிக்காரன். பாவாடைக்கு நாடா கோக்கத்தான் வராது" என்றார். பேச்சு வந்துவிட்டது.

மேடம் வந்தபோது புடவை இடுப்புவரை சேறு. வாசலிலேயே அவர் கண் மாமனாரைத் தேடியது, கண்டது. ஓடிவருவார் என்று நான் எழுந்து இடம்விட்டேன். அவர் வரவில்லை. முதல் கட்டிலுக்குப் போனார். நாடி பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசினார். அடுத்த கட்டில். அதற்கடுத்தது. டீச்சரின் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டார். இவரெல்லாம் ஒரு மனுஷியா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் கையைப் பார்த்தேன். கட்டிலுக்குக் கட்டில் அந்தக் கை நடுங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில்தான் டீ பாய்லர் மூலைக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து மாமனாரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரியவர் அவர் தலையில் கையை வைத்தார்.

என்னிடம் நிமிர்ந்து, "எழுதுங்க சார்" என்றார். "நான் செஞ்சதை அப்படியே எழுதுங்க. பேச்சு வந்துடும்னு பயந்தேன்னு உங்க முன்னால மதியம் சொன்னேன். அது பாதிதான்."

"மீதி என்னம்மா?"

அவர் சொல்லுமுன் வாட்ச்மேன் தாளோடு பக்கத்தில் வந்து நின்றார். "மேடம், பெரியவருக்கு ஒரே ஒரு இடம் பாக்கி. வீட்டுல கூட இருக்கறது யாருன்னு..."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வியை அவரே கேட்டு, அவரே எழுதியிருப்பார். தன் வீட்டுக்கு மட்டும் அந்தப் பதிலை எழுத மனம் வந்திருக்காது.

"ஆளில்லாதவர்னு எழுதுங்க" என்றார்.

வாட்ச்மேனின் பேனா நகரவில்லை. "என்ன மேடம் நீங்க. நீங்க இருக்கீங்க, அண்ணன் இருக்கார். ரெண்டு பேரும் கல்லாட்டம் இருக்கறப்ப..."

"இங்க இருக்கேன். அங்க இல்லையே. எழுதுங்க."

இதைச் சொல்லும்போது அவர் மாமனாரைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்தபிறகுதான் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வாட்ச்மேன் எழுதினார். பேனா கிறுக்குகிற சத்தம்கூடக் கேட்டது.

போன் அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைகளை மொட்டைமாடியில் ஏற்றி வைத்திருக்கிறார்களாம். மேடம் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழாயை மாமனாரின் காதுக்குப் பின்னால் ஒருமுறை சரி செய்துவிட்டு, போனில் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனார். சேற்றில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பெரியவர் அந்தச் சத்தம் தேயும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்?" என்றார். "சரியாத்தான் எழுதச் சொல்லியிருக்கா."